ஒன்பது பேரின் விடைகள்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. காலையில் கொடியில் போட்ட பள்ளிக்கூடச் சட்டை பின்னேரம் பக்கத்து வீட்டு முருங்கையில். எடுக்கப்போய் முழங்கையில் கீறல். கணிதம் பயிற்சி 14 பாதியில்.

புதுக் கொப்பி. ஆகவே ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

நான்: நிவேதா, வயது 16, இந்த ஆண்டு சா.த. (சாதாரண தரம்) சோதனை.
அப்பா: சிவலிங்கம், மேசன். ஓர்ஸ் ஹில்லில் உள் துறைமுகத்தைப் பார்த்தபடி எழும்பும் நாலு மாடிக் கட்டடத்தில் வேலை. எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் அதைச் சுற்றிக் கட்டிய இரும்புச் சாரக்கட்டு தெரியும்.
அம்மா: அம்மா.

இவ்வளவுதான் வீடு. ஆனால் போன கிழமையிலிருந்து நாலாவதாக ஒருவரும் எங்களோடு இருந்து சாப்பிடுவது போல இருக்கிறது. தா.மி. அதாவது தாரணி மிஸ். முழுப்பெயரை எழுதக் கை வரவில்லை. அப்பாவின் கட்டடத்துக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு இஞ்சினியர். வயது 26, ஊர் வவுனியா. விழாமல், நசியாமல், கரண்ட் அடிக்காமல் வேலை செய்வது எப்படி என்று வேலையாட்களுக்கும் மற்ற இஞ்சினியர்மாருக்கும் பயிற்சி கொடுக்க வந்தவர்.

இன்று ஒரு நேரச் சாப்பாட்டுக்குள் அப்பா சொன்னவை:

"அந்தப் பிள்ளை மோட்டச்சைக்கிள்லதான் வரும். வந்து ஒரு ஹெல்மெட்டக் கழட்டும், மற்ற ஹெல்மெட்டப் போடும்."

"அந்தப் பிள்ளைக்கு மூண்டு பாசையும் தண்ணி மாதிரி."

"அந்தப் பிள்ளையின்ர கையெழுத்த நீ பார்க்கோணும் நிவே. அச்சடிச்ச மாதிரி."

கையெழுத்துக்கு நான் ஆறாம் ஆண்டிலிருந்து பரிசு வாங்குகிறேன். ஐந்து சான்றிதழ்கள் அலுமாரியில் இருக்கின்றன. அப்பாதான் அவற்றைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு வைத்தவர்.

பயிற்சி மூன்று காலை. வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து மிஸ் பேசுவார். ஆட்கள் அதற்கு "காலைக் கதை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று கடைசி நாள், கேள்வித்தாள். கொடுத்த நேரம் பார்த்துக் கொங்கிறீற் லொறி வந்துவிட்டதாம். வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு புதன்கிழமை தாங்கோ என்று தா.மி. சொல்லிவிட்டார்.

அப்பா தாளை என் கொப்பிக்கு மேல் வைத்தார். "இந்தா, இதொருக்கா நிரப்பு."

எங்கள் ஒழுங்கையில் படிவம் என்று ஒன்று வந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் நிரப்பும். அடையாள அட்டை, தண்ணீர் இணைப்பு, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. பெரியவர்களுடையது கையெழுத்து மட்டும். நான் ஐந்தாம் ஆண்டிலிருந்து செய்கிறேன். ஒருமுறையும் திரும்பி வந்ததில்லை.

தாளோடு ஒரு கைந்நூலும் இருந்தது. முழுவதும் வாசித்தேன். இருபது கேள்வி. இருபதும் எழுதினேன். கடைசி: "உயரத்தில் வேலை தொடங்குமுன் நீங்கள் எதை உறுதிப்படுத்த வேண்டும்?" கைந்நூலில் பாதுகாப்பு பெல்ட்டையும் அதன் கொளுக்கியையும் பற்றி அரைப் பக்கம். நான் என் வசனத்தில் எழுதினேன்: "என் கொளுக்கியைத் தாங்கும் இரும்பு என்னைவிடப் பலமாகவும் என் தலைக்கு மேலேயும் இருக்கவேண்டும்."

மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். நல்ல வசனம்.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. தமிழ்ப் பாடத்தில் கட்டுரைக்கு 17. சிபானாவுக்கு 18. ஏன் என்று தெரியவில்லை. அவள் முடிவுரையில் மூன்று வரிதான் எழுதியிருந்தாள்.

ஐந்து மணிக்கு ரிஸ்வான் நானா வந்தார். அப்பாவோடு பூச்சு வேலை செய்பவர், கிண்ணியா. ஒரு கையில் தயிர்ச் சட்டி, மற்றக் கையில் பொலித்தீன் பை.

"தங்கச்சி, ஒங்கட வாப்பாட பேப்பர நீங்கதான் எழுதினதாம்? எனக்கும் ஒண்டு எழுதித் தாங்க புள்ள. மறுகா இந்த ஏழு பேரோடதும் இரிக்கி."

"ஏழோ!"

"கிடந்ததே ஒரு தயிர்ச் சட்டிதான். எட்டுப் பேருக்கும் சேத்து."

அம்மா குசினிக்குள் சிரித்தார். அப்பா முற்றத்தில் கால் கழுவிக்கொண்டு, "ஒண்டும் வித்தியாசமில்லை, எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான்" என்றார், எனக்கு வேலை குறைவு என்று காட்டுகிறாராம்.

எட்டையும் எழுதினேன். மொத்தம் ஒன்பது. கையெழுத்தை மாற்றினேன்: ஒன்று வலப்பக்கம் சாய்த்து, ஒன்று இடப்பக்கம், ஒன்று பேனையை அமத்திப் பிடித்தது போல. சிலதில் வேண்டுமென்றே இரண்டு பிழை, ஒன்றில் மூன்று. அப்பாவுடையதிலும் ரிஸ்வான் நானாவுடையதிலும் பிழை விடவில்லை. தயிர் நன்றாக இருந்தது.

வி.கு.: ஒன்பது விதமாக எழுதுவது கஷ்டம். ஒருத்தரும் அறியமாட்டார்கள்.

ஜூலை 11, வெள்ளி

விஞ்ஞான ரியூசன் இல்லை. சேர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்.

முடிவு வந்துவிட்டது. அப்பா 20/20. ரிஸ்வான் நானா 20/20. மற்ற ஏழு பேரும் 17க்குக் குறையவில்லை.

"அந்தப் பிள்ளை துள்ளினதொரு துள்ளு!" அப்பா ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். முன்பக்கத்தில் வட்டமான பச்சை ஸ்டிக்கர். "இது உள்ளாக்கள்தான் மூண்டாம் மாடிக்கு மேல ஏறலாம். இல்லாதாக்கள் கீழ."

"கன பேருக்குக் கிடைச்சதோ?" அம்மா கேட்டார்.

"நாங்க ஒம்பது பேர்."

இன்னொரு சங்கதி. கொம்பனியின் எல்லாக் கட்டடங்களிலும் இதே பயிற்சி நடந்ததாம். எங்கள் கட்டடத்துப் புள்ளிதான் கூட. வருகிற வெள்ளி பெரியவர்கள் வந்து தா.மி.க்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள். படம் எடுப்பார்கள். சாப்பாட்டுப் பொதியும் உண்டு.

அது என் புள்ளி.

எழுதிவிட்டு எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் அதுதான். அது என் புள்ளி. ஒன்பது தாள், நூற்றெண்பது விடை. கேடயத்தை அவர் பிடிப்பார். என் பேர் அந்த வளவில் ஒருவர் வாயிலும் வராது. அவர் படிப்பித்ததில் அப்பா எதைப் படித்தார்? சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் படித்தேன். ஆனால் அவர் எனக்குப் படிப்பிக்கவில்லை.

பொறாமை என்பது இதுதான் என்றால் அது வயிற்றில் இல்லை, தொண்டையில் இருக்கிறது.

ஜூலை 12, சனி

அப்பா தா.மி.யைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். அம்மாவிடம் காலை எட்டு மணிக்குத்தான் சொன்னார்.

"ஒரு சொல் முந்திச் சொல்லியிருந்தா ஏதும் குறைஞ்சு போயிருப்பியளோ?"

நண்டு வாங்கி வந்தது நான். தேங்காய் துருவியது நான். விருந்தாளிக் கதிரையின் தூசு துடைத்தது நான்.

வந்தார். நினைத்ததைவிடக் கட்டை. காற்சட்டை, சப்பாத்து, கழுத்தில் வெயில் கறுத்த கோடு. நண்டை நன்றாகப் பல்லால் கடித்து உடைத்தார், சட்டையில் குழம்பு பட்டதும் சிரித்தார். எனக்கு அவரைப் பிடிக்காமல் இருக்கக் காரணம் தேடிக்கொண்டே இருந்தேன். கிடைத்தது: மேசையில் என் புத்தகங்களைக் கேட்காமல் தொட்டார்.

"இவ்வளவும் நீரோ வாசிக்கிறது? சா.த.க்குப் பிறகு என்ன செய்யிற யோசனை?"

"இஞ்சினியரிங்" என்று சொல்ல இருந்தேன். "தெரியாது மிஸ்" என்றேன்.

பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவர் கையைத் துடைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"சிவம் அண்ணை, உங்கட கடைசி விடையை நான் மேலிடத்துக்கும் வாசிச்சுக் காட்டினனான். 'என் கொளுக்கியைத் தாங்கும் இரும்பு என்னைவிடப் பலமாகவும் என் தலைக்கு மேலேயும் இருக்கவேண்டும்.' எனக்குப் பாடமாயிட்டுது. நான் நாலு வருசம் படிச்சும் இப்பிடி ஒரு வசனம் சொல்லேலாது."

அப்பா நண்டுக் காலைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன்.

"அது... அனுபவம்தானே மிஸ்" என்றார் அப்பா.

"கேற்றடியில போர்டா எழுதி வைக்கப்போறன். உங்கட பேரோட."

"ஐயோ, அதெல்லாம் ஏன் மிஸ்."

அதெல்லாம் ஏன் மிஸ்! ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது. இப்போது எனக்கு இரண்டு பேரில் பொறாமை. ஒருவர் என் அப்பா.

போகும்போது தா.மி. ஹெல்மெட் பட்டியைப் போட்டுக்கொண்டு, "அருமையான அப்பா உமக்கு" என்றார். தெரியும். எனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஜூலை 14, திங்கள்

போர்ட் வைத்துவிட்டார்கள். மஞ்சள் நிலத்தில் கறுப்பு எழுத்து. பள்ளிக்கூடத்துக்கு நேர் வழி அதுவல்ல. சுற்றிப் போனேன். வரும்போதும் சுற்றி வந்தேன்.

என் வசனம். கீழே: "சி. சிவலிங்கம், மேசன்."

"பலமாகவும்" என்பதில் "வு" கொஞ்சம் சிறிதாகிவிட்டது. மற்றப்படி சரி.

சிபானாவோடு வந்தேன். அவள் வாசித்துவிட்டு, "உங்கட அப்பாவோ எழுதினது? அப்ப உனக்கு எங்கயிருந்து கட்டுரை வருதெண்டு இப்பதான் விளங்குது" என்றாள். அவளோடு வாசிகசாலை வரை பேசவில்லை.

சமூகக்கல்வி வினாத்தாள் புதன்கிழமை.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

இரண்டு மணி. இன்றும் போர்ட் வழியாக வந்தேன். மூன்றாவது தரம். கேற்றடியில் நின்று வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் மேலே சத்தம்.

மூன்றாம் மாடி வெளிப்பக்கம். காற்றுக்குப் பச்சை வலை படார் படாரென்று அடித்தது. ரிஸ்வான் நானா பூசிக்கொண்டு நின்றார். வலை முகத்தில் அடிக்க ஒரு அடி பின்னால் வைத்தார். பலகையில் கால் இல்லை. கொளுக்கி மாட்டித்தான் இருந்தது, ஆனால் மாட்டியிருந்தது கட்டாமல் சாத்தி வைத்த ஒரு துண்டு பைப்பில். அவரோடு பைப்பும் வந்தது. பைப் கீழே மணலில் விழுந்து குத்தி நின்றது. அவர் விழவில்லை. என் அப்பா சட்டையில் பிடித்துவிட்டார். சட்டையிலும் பிறகு கையிலும்.

இழுத்து எடுத்தார்கள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. இறக்கிக்கொண்டு வந்து மணலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்கள்.

"மாட்டித்தானே இருந்த நான்! அல்லாஹ் மேல ஆணையா மாட்டித்தான் இருந்த!" திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். நான் நின்றதை அவர் காணவில்லை. அவருடைய பெல்ட்டின் கொளுக்கி அவருடைய இடுப்பு வளையத்திலேயே மாட்டியிருந்தது, திறப்புக் கோர்வை போல. மேலே இழுக்கும்போதும் அது அங்கேதான் கிடந்தது. அந்த உயரத்தில், ஒரு கையால் இன்னொரு ஆளைத் தூக்கிக்கொண்டு, ஒன்றிலும் மாட்டாமல் நின்றிருக்கிறார். அவர் தலைக்கு நேர் பின்னால் மஞ்சள் போர்ட்.

அப்பா சொன்னது: "ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. ஒண்டும் நடக்கேல்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைக்கு விழா. பாவம், அதைக் குழப்பப்படாது."

எல்லாரும் "ஓம், ஓம்" என்றார்கள். தா.மி. இன்று நிலாவெளிக் கட்டடத்தில், நாளை மறுநாள்தான் வருவாராம்.

ரிஸ்வான் நானா ஏன் மூன்றாம் மாடியில்? பச்சை ஸ்டிக்கர். ஏன் பச்சை ஸ்டிக்கர்? 20/20. ஏன் 20/20?

தயிர் நன்றாக இருந்தது.

ஜூலை 16, புதன்

வினாத்தாளில் இரண்டு கேள்வி விட்டுவிட்டேன்.

காலையில் அப்பா தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன்.

"அப்பா, நேற்று உங்கட கொளுக்கி உங்கட இடுப்பிலதான் மாட்டிக்கிடந்தது."

"நீ எங்க கண்டனீ?"

"கேற்றடியில நிண்டனான்."

"கீழ தொங்கினா காலில தட்டுப்படும். அதால இடுப்பில மாட்டுறது. எல்லாரும் அப்பிடித்தான்."

"புத்தகத்தில அப்பிடி மாட்டக்கூடாதெண்டு..."

"புத்தகம் படிச்சது நீ. ஏறுறது நான்."

அதற்கு விடை கைந்நூலில் இல்லை.

"அப்ப மிஸ் விளங்குதா எண்டு கேக்கேக்க என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டுதான். வேறென்ன சொல்லுறது? அது தொண்டை கிழியக் கத்துது. விளங்கேல்லை எண்டு சொன்னா அந்தப் பிள்ளைக்கு மரியாதை இல்லை." கோப்பையை வைத்தார். "விளங்காமலும் இல்லை. இருபது வருசமா ஏறுறன்."

இன்றும் ஏறியிருக்கிறார். குசினி யன்னலால் பார்த்தேன். அந்தத் தூரத்தில் ஆட்கள் எறும்பு மாதிரி, எது அப்பா என்று தெரியாது. எல்லா எறும்பையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா, "சோறு அடிப்பிடிக்குது, அங்க என்ன விடுப்புப் பாக்கிறாய்?" என்றார்.

சொன்னால் நடக்கக்கூடியவை:
1. அப்பாவின் ஸ்டிக்கர் போகும். எட்டுப் பேருடையதும் போகும்.
2. போர்ட்டைக் கழற்றுவார்கள். அப்பா எல்லாருக்கும் முன்னால் வெட்கப்படுவார்.
3. எனக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. சோதனையில் ஆள் மாறி எழுதினால் அடுத்த சோதனைகளுக்கும் தடை. இதற்கும் அப்படியா?
4. தா.மி.க்குக் கேடயம் இல்லை.

நாலாவதை எழுதும்போது எனக்கு உள்ளே சுகமாக இருந்தது. அதனால்தான் பயம். அப்பா விழக்கூடாது என்று சொல்லப் போகிறேனா, அவருக்குக் கேடயம் கிடைக்கக்கூடாது என்று சொல்லப் போகிறேனா? இரண்டில் எது என்று தெளியும்வரை சொல்லாமல் இருப்போம் என்று நினைத்தேன்.

யன்னல் படார் என்று அடித்தது. காற்றுக்கு நான் தெளியும்வரை பொறுக்கத் தெரியாது.

ஜூலை 17, வியாழன்

இன்று முழுப்பெயர் எழுதலாம். தாரணி மிஸ்.

நாலு மணி. வளவுக்குள் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைத்தான் கந்தோராக வைத்திருக்கிறார். உள்ளே சூடு, மேசையில் நாளைய விழாவுக்கான அழைப்பிதழ்கள். ஒன்றில் என் அப்பாவின் பேர் தன் கையால் எழுதியிருந்தார். அச்சடித்த மாதிரிதான் இருந்தது.

"நிவேதா! அப்பா மேல நிக்கிறார். கூப்பிடட்டோ?"

"இல்ல மிஸ். அந்த ஒன்பது பேப்பரும் நான் எழுதினது."

விளங்கவில்லை அவருக்கு. சிரித்தார். நான் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, அழைப்பிதழின் பின்பக்கத்தில், வலப்பக்கம் சாய்த்து ஒரு வரி, இடப்பக்கம் சாய்த்து ஒரு வரி, அமத்தி ஒரு வரி எழுதிக் காட்டினேன். அவர் கோவையை இழுத்துத் தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அப்ப அந்தக் கொளுக்கி வசனம்?"

"அதும் நான்தான்."

இதைச் சொல்ல எவ்வளவு நாள் காத்திருந்தேன். சொன்னபோது பெருமை ஒன்றும் வரவில்லை.

பிறகு செவ்வாய்க்கிழமை கண்டதைச் சொன்னேன். பைப், சட்டை, அப்பாவின் இடுப்பு வளையம். முடிக்க விடவில்லை. வாசலுக்குப் போய் வோக்கி-டோக்கியில் கத்தினார்: "மேல நிக்கிற எல்லாரையும் இறக்குங்கோ. இப்பவே. சாந்து காய்ஞ்சாக் காயட்டும்!"

திரும்பி வந்தார். சுவரில் தொங்கிய பெல்ட்டை எடுத்து என் கையில் தந்தார். பாரம்.

"போடும் பாப்பம்."

"மிஸ்?"

"ஒன்பது பேருக்கு எழுதினனீர்தானே. போடும்."

பெல்ட் பற்றிய பக்கம் எனக்குப் பாடம். தோள்பட்டி, நெஞ்சுப்பட்டி, தொடைப்பட்டி, முதுகு வளையம். ஆனால் கையில் வந்தது ஒரு பட்டிக் குவியல். எது தோள், எது தொடை? ஒரு காலை விட்டேன், அது கைக்கு உரியது. மாற்றினேன். முதுகு வளையம் வயிற்றில் வந்தது. இடது தொடைப்பட்டி முறுகி வெட்டியது. வியர்த்துக் கொட்டியது. கடைசியில் கட்டிவைத்த ஆடு மாதிரி நின்றேன்.

"இருபதுக்கு இருபது" என்றார். நக்கலாக இல்லை. தனக்குத்தானே சொல்வது போல.

பிறகு பட்டிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக என் கையால் போடவைத்தார். முதுகில் முறுகியிருக்கிறதா என்று மற்ற ஆள்தான் பார்க்கவேண்டும், தனக்குத் தெரியாது என்றார். மூன்றாம் தரம் சரி.

"ஏசுங்கோ மிஸ்" என்றேன். உண்மையில் ஏசினால் நல்லது என்று நினைத்தேன்.

"உமக்கு ஏன் ஏசுறது? பேப்பரை வீட்ட கொண்டுபோகச் சொன்னது நான். விளங்குதா எண்டு கேட்டு ஓம் எண்டதும் சந்தோசப்பட்டது நான். ஒருத்தருக்கும் பெல்ட்டைக் கையில குடுக்கேல்லை. படம்தான் காட்டினனான்." அழைப்பிதழ்களைச் சேர்த்து இழுப்பறைக்குள் போட்டார்.

குற்றத்தை எடுப்பதிலும் அவர் முந்திவிட்டார். அதிலும் எனக்குப் பொறாமை வந்தது. என்ன பிறவி நான்.

வெளியே வந்தேன். ஆட்கள் எல்லாரும் இறங்கி மணலில் நின்றார்கள். அப்பா என்னைக் கண்டார். கந்தோரைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்.

ஜூலை 18, வெள்ளி

அப்பா என்னோடு கதைக்கவில்லை. காலையில் "அவவிட்ட அந்தத் துவாயைத் தரச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவவாம்.

விழா நடக்கவில்லை. என்ன நடந்தது என்பதை ரிஸ்வான் நானா பின்னேரம் வந்து சொன்னார். மணிக்கட்டில் பெரிய கட்டு. என்னில் கோபமில்லை போல.

"பெரிய சேர்மார் வந்து எறங்கினாங்க. கேடயத்துக்கு ரிப்பன் எல்லாம் கட்டியிருந்த. மிஸ் போய் நேர சொல்லிட்டாங்க: இந்தப் புள்ளியெல்லாம் பொய், பிழை என்ட பக்கம், கேடயம் வேணா, இண்டைக்குத் திரும்பத் தொடங்குறன் எண்டு. அந்த மனிசன் மொகம் போன போக்கு! மறுகா மிஸ் பெல்ட்ட எடுத்து அவருக்கிட்டயே நீட்டிட்டாங்க. சேர், மொதல்ல நீங்க போட்டுக் காட்டுங்க, ஆக்கள் பாக்கட்டும் எண்டு."

"போட்டாரோ?" அம்மா கேட்டார்.

"போட்டாரு! பள்ளிக்கூடப் பையக் கொளுவின மாதிரி. தொடப் பட்டி ரெண்டும் முன்னுக்கு வால் மாதிரித் தொங்குது. நாங்க சிரிப்ப அடக்க ஏலாமப் போயிட்டம். மத்த இஞ்சினியர்மாரையும் கூப்பிட்டாங்க. நாலு பேரில ஒருத்தர்தான் சரி. அவங்களும் பயிற்சிக்குக் கையெழுத்து வெச்சவங்கதானே."

கேடயம் வந்த வாகனத்திலேயே திரும்பிப் போய்விட்டதாம். நிலாவெளிக் கட்டடத்துக்குக் கொடுப்பார்களாம்.

நான் சந்தோசத்தைத் தேடிப் பார்த்தேன். புதன்கிழமை இருந்ததே, உள்ளே, சுகமாக. இல்லை.

இனி எழுத்துச் சோதனை இல்லை. ஒவ்வொருவராகப் பெல்ட் போடவேண்டும், நிலத்திலிருந்து கொஞ்ச உயரத்தில் கட்டிய தட்டில் ஏறிக் கொளுக்கியை மாட்டவேண்டும், ஏன் அந்த இடம் என்று சொல்லவேண்டும். பிழை என்றால் கூட நிற்கிறவர்கள் சொல்லவேண்டும். "விளங்குதா" என்ற கேள்வியை மிஸ் கேட்கவே மாட்டாராம். சித்தியடைந்தால்தான் புது ஸ்டிக்கர். அப்பாவின் முறை திங்கள். அதுவரை கீழே சீமெந்து குழைப்பு.

ரிஸ்வான் நானா போகும்போது அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது: "அண்ணன், புள்ளைய ஏசாதீங்க. நான் இண்டைக்கு உசிரோட வீட்ட போறன் பாருங்க."



ஜூலை 20, ஞாயிறு

காற்று கொஞ்சம் தணிவு. ஆங்கிலம் வாசிப்பு. தலை கழுவினேன்.

போர்ட்டில் அப்பாவின் பேருக்கு மேல் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். வசனம் இருக்கிறது. பேர் இல்லை. என் பேரும் இல்லை. மிஸ் என்னிடம் நேற்று வாசிகசாலை வாசலில் கேட்டார், "உம்மட பேரைப் போடட்டோ?" என்று. ஒரு கிழமைக்கு முன் கேட்டிருந்தால்! "வேண்டாம் மிஸ்" என்றேன். "நான் அதை ஒருநாளும் செய்து பார்க்கேல்லை."

சொல்லிவிட்டு வீடு வரைக்கும் கவலைப்பட்டேன். போட்டிருக்கலாம். சிறிதாகவாவது.

அப்பா ஒரு பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார், மிஸ்ஸிடம் கேட்டு. மத்தியானம் முழுவதும் யன்னல் கம்பியில் கொளுக்கியை மாட்டுவதும் கழற்றுவதும். டக். டக். அம்மா: "கம்பியைக் கழட்டிப்போடாம இருந்தாச் சரி."

என்னைக் காணும்போது நிறுத்திவிடுவார். நான் அறைக்குள் போனதும் திரும்ப டக்.

ஜூலை 21, திங்கள்

வினாத்தாள் வந்தது. 61. எனக்கு இதுவரை இல்லாத புள்ளி. சிபானாவுக்கு 84. அவளாகவே வந்து தன் கொப்பியைத் தந்தாள், வாங்கிவிட்டேன்.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். ஹெல்மெட்டைப் பார்த்தேன். ஸ்டிக்கர் இல்லை. கால் கழுவினார். கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணி வைத்தார்.

"என்னவாம்?"

"பெயில். கொளுக்கி சரியாம். முதுகுப் பட்டி முறுக்கு. அந்தப் பிள்ளை கொஞ்சமும் இரக்கப்படேல்லை, எல்லாருக்கும் முன்னால பெயில் எண்டு சொல்லிப்போட்டுது." கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ, என்னுடைய சான்றிதழ்களைப் பொலித்தீனுக்குள் போடும்போது இருந்த மாதிரி. அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை. தொண்டையில் பழைய இடத்தில் கொஞ்சம் வலித்தது.

"அப்ப?"

"நாளைக்குத் திரும்ப."

எழும்பினார். பையிலிருந்து பெல்ட்டை எடுத்து உதறினார். தோள், நெஞ்சு, தொடை இரண்டும். நடுவீட்டில், சாரத்துக்கு மேல். அம்மா சிரிக்காமல் இருக்க முகத்தைத் திருப்பினார். நான் கொப்பியைக் குனிந்து பார்த்தபடி இருந்தேன்.

என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றார்.

"நிவே. முறுகியிருக்கோ பார்."

நாலு நாளைக்குப் பிறகு என் பேர்.

பார்த்தேன். மிஸ் காட்டித் தந்த மாதிரி விரலை உள்ளே விட்டு, தோளிலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். வலது பட்டி, வளையத்துக்குக் கீழே, ஒரு முறுக்கு. சின்னது. இல்லை என்று சொன்னால் சந்தோசப்படுவார்.

"ஓம் அப்பா. முறுகியிருக்கு."

"சரி" என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார்.